பெயிண்டம்மா வாய் திறக்காத ஏழு மாதம்

இருபத்திரண்டு வருஷமாக ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ளச் சம்பளமும் கொடுக்கிறார்களே, இதைவிட நல்ல வேலை எனக்கு எங்கே கிடைக்கும்? "சம்பளம் இல்லேன்னாலும் நீ போவே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். போவேன்தான். அதற்காக வெளியே வந்து ஒரு வார்த்தை விட்டேன் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். இந்தக் கதையைக்கூட, சம்பந்தப்பட்டவள் "தாராளமா சொல்லிக்கோங்க" என்று சொன்ன பிறகுதான் சொல்கிறேன்.

பெயிண்டம்மா என்றால் எங்கள் கடைத்தெருவில் தெரியாதவர் கிடையாது. பெயிண்ட் கடைக்காரரின் மனைவி. அவர் போன பிறகு கடையே இந்தம்மா பேரில் வழங்க ஆரம்பித்துவிட்டது. கீழே கடை, மேலே வீடு. படி ஏறும்போது பாதி வழி வரை டர்பன்டைன் வாசனை, அதற்கு மேல் வெங்காயம் வதங்கும் வாசனை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார். "மஞ்சளா? எந்த ரூமுக்கு? யார் படுக்கிற ரூம்? மாமியாரா? அப்ப வெள்ளையே போதும்." எனக்குக் கல்யாணமான மூன்றாவது மாதம், ஜன்னலுக்கு ஒரு டப்பா எனாமல் வாங்கப் போனேன். நாலு பேர் முன்னால் "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார். கோபத்தில் ஆறு மாதம் அந்தக் கடைப் பக்கமே நான் போகவில்லை.

மூன்று பிள்ளைகள். பெரியவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சாலை விபத்தில் போய்விட்டான். குழந்தை இல்லை. அவன் மனைவிதான் அன்றிலிருந்து கடையைத் தூக்கி நிறுத்தினவள். அடுத்தது மகள். ஊரின் மறுகோடியில் வாடகை வீடு, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை, இரண்டு குழந்தைகள், அடிக்கடி வேலை மாறும் புருஷன். கடைசிப் பையன் வெளியூரில். வரும்போதெல்லாம், "கட்டடத்தை வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்மா" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சு கிடையாது.

மகளுக்கும் அம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். போனில் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் இரண்டு பேரில் ஒருவர் வைத்துவிடுவார். "உனக்கு அண்ணிதான் பொண்ணு, நான் யாரோ" என்பது மகளின் பல்லவி. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பெயிண்டம்மா எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். கையில் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய உயில் படிவம், அவரே குண்டு குண்டாக எழுதி நிரப்பியது. "என் கட்டடத்தையும் கடையையும் என் மூத்த மருமகளுக்கு எழுதி வைக்கிறேன்." அவ்வளவுதான் விஷயம்.

"இதை அழகா டைப் அடிச்சுக் கொடும்மா. சாரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

"பத்திரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் போட்டார். கட்டடம் கணவர் பேரில் இருந்தது. கூடவே அவர் எழுதிய உயிலின் நகல். எனக்குக் கை சும்மா இருக்குமா? படித்தேன். மூன்றாவது பக்கத்தில் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, இது உங்க கட்டடமே இல்லையே."

"என்னம்மா உளர்றே? முப்பத்தெட்டு வருஷமா அந்த வாசலைப் பெருக்கறது நீயா நானா?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பெருக்கினா சொந்தமாயிடுமா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் சத்தம் கேட்டு சார் உள்ளே கூப்பிட்டார்.

சார் மூன்றாவது பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் சொத்தை உங்ககிட்ட நேரா கொடுக்கலம்மா. டிரஸ்டா வெச்சு, அவரோட சிநேகிதர் மருந்துக்கடைக்காரர்கிட்ட பொறுப்பை விட்டிருக்கார். நீங்க இருக்கிற வரைக்கும் அங்க குடியிருக்கலாம், கடை வருமானம் உங்களுக்கு. விக்க முடியாது. உங்களுக்கு அப்புறம் யாருக்குன்னு சொல்ற அதிகாரம் மட்டும் உங்களுது. அதை நீங்க உயில்லதான் சொல்ல முடியும்."

"அதத்தானே சொல்லியிருக்கேன்? மருமகளுக்கு!"

"'என் பிள்ளைகளில் யாருக்கு எவ்வளவு என்று என் மனைவி நியமிக்கலாம்'னு எழுதியிருக்கார். பிள்ளைகள்னா பெத்த பிள்ளைகள். மருமகள் அதுல வரமாட்டாங்க."

"எழுதினப்போ பெரியவன் இருந்தானே சார். அவனுக்குன்னா அவன் பொண்டாட்டிக்குந்தானே?"

சார் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த மனுஷருக்கு இதைச் சொல்வதில் சந்தோஷம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் எதுவும் எழுதலேன்னா?"

"மகளுக்கும் சின்னப் பையனுக்கும் சரிபாதி."

அதாவது சின்னவன் கேட்கிற மாதிரி கட்டடம் விலைக்குப் போகும். மருமகள் ஒன்பது வருஷமாக உட்கார்ந்த இடமும் படுத்த அறையும் போகும். பெயிண்டம்மா தன் படிவத்தைச் சாரின் மேஜையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். எனக்கு அன்று ஒரு ஆச்சரியம். கடைத்தெருவே இவரைச் சொத்துக்காரி என்று நினைக்கிறது, இவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் இவர் கையில் இருப்பது சொத்தே இல்லை, யாருக்கு என்று கை காட்டும் உரிமை மட்டும். இத்தனை உயில் அடித்திருக்கிறேன், நியமன அதிகாரம் என்ற வார்த்தையை அடித்துக்கொண்டே போயிருக்கிறேனே தவிர, அதை ஒரு ஆள் கையில் வைத்துக்கொண்டு திண்டாடிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வழி கிடைச்சுடுச்சு சார்! ஊருக்கு வெளியில அவர் வாங்கிப் போட்ட மனையும் அந்த டிரஸ்ட்லதானே இருக்கு, அது சின்னவனுக்கு. கட்டடம் மொத்தம் பொண்ணுக்கு. பொண்ணுகிட்ட சத்தியம் வாங்கிக்கறேன், கைக்கு வந்ததும் அண்ணி பேருக்கு மாத்திடணும்னு. கத்துவா. ஆனா சத்தியம் பண்ணிட்டா மீறமாட்டா."

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. சாரின் முகம் இறுகிவிட்டது.

"இந்தப் பேச்சு இந்த ரூமோட இருக்கட்டும். அப்படிச் செஞ்சா எல்லாமே செல்லாது. வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குன்னு கோடு போட்டிருக்கார். கோட்டுக்கு உள்ள இருக்கிற ஒரு ஆள் கையில கொடுக்கற மாதிரி கொடுத்து, வெளியில இருக்கிறவங்களுக்குக் கொண்டுபோறது அவரை ஏமாத்தற வேலை. உங்க சின்னப் பையன் கோர்ட்டுக்குப் போய் ஒரு சத்தியம் இருந்ததுன்னு நிரூபிச்சா போதும், உங்க எழுத்து செல்லாது, பழையபடி சரிபாதிதான்."

"மனசுல ஆசைப்படலாமா, அதுவும் கூடாதா?"

"ஆசைப்படலாம். கேக்கக் கூடாது. சத்தியம் வாங்கக் கூடாது. ஜாடை காட்டக் கூடாது."

"ஆள் விட்டுச் சொன்னா?"

"ஆள் விட்டும் கூடாது" என்று சொல்லி சார் என்னைப் பார்த்தார். நான் என்னமோ அந்த ஆள் மாதிரி!

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் எத்தனையோ நாள் பஸ்சில் போகும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் என் தலைக்குள் ஓடியது.

"உங்க பொண்ணு கட்டடத்தை யாருக்கும் கொடுக்காம தானே வெச்சுக்கிட்டா, இல்ல வித்தே போட்டாலும், உங்களுக்குச் சம்மதமா? மனசாரச் சம்மதம்னா மட்டும் அவ பேரை எழுதலாம்."

"சம்மதம், சம்மதம், எழுதுங்க."

"இவ்வளவு சீக்கிரம் வர்ற பதில் எனக்கு வேண்டாம்மா. ஒரு மாசம் யோசிச்சுட்டு வாங்க."

பெயிண்டம்மாவுக்கு வந்ததே கோபம்! "கையெழுத்துப் போடவும் உங்ககிட்ட பரீட்சை எழுதணுமா?" என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரமே சமையலறைச் சுவரைச் சாக்காக வைத்துக் கடைக்குப் போனேன். மருமகள்தான் இருந்தாள். உதிர்ந்த சுவர்ப் பூச்சில் ஒரு துண்டை எடுத்துப் போயிருந்தேன். அவள் அதை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெள்ளை பெயிண்டில் சொட்டுச் சொட்டாக நிறம் விட்டுக் கலக்கி, ஒரு அட்டையில் தடவி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் காய வைத்தாள். "ஈரத்துல ஒரு கலர் காட்டும், காஞ்சா வேற கலர்க்கா. அவசரப்பட்டு வாங்கிட்டுப் போய் அப்புறம் வந்து சண்டை போடுவாங்க." எத்தனை சொட்டு என்பதை ஒரு தடிமனான நோட்டில் என் தெருவையும் கதவு எண்ணையும் போட்டு எழுதிக்கொண்டாள். அப்படிப் பதினேழு நோட்டு அலமாரியில் இருந்தது. இந்தப் பக்கம் எந்த வீட்டுச் சுவரில் விரிசல் விட்டாலும் அதே நிறத்தை அவளால் திரும்பக் கலந்து கொடுக்க முடியும்.

ஒவ்வொரு அலமாரித் தட்டிலும் புதிதாக அட்டை ஒட்டியிருந்தது. இது எனாமல், இது பிரைமர், இது இன்ன கம்பெனியில் இன்னாரிடம் வாங்குவது என்று.

"இதெல்லாம் எதுக்கு?"

"எனக்கப்புறம் யார் வந்தாலும் தெரியணும்ல. அத்தை இருக்கிற வரைக்கும்தான் நான் இங்க. அவரோட தம்பி போன தடவை வந்தப்போ தெளிவாச் சொல்லிட்டார். லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு ரூம் சொல்லி வெச்சிருக்கேன்."

அவள் முகத்தில் அழுகை கிழுகை எதுவும் இல்லை. நான்தான் தெரிந்ததைச் சொல்லித் தொலைக்கவும் முடியாமல், டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் முடிந்து நாலு நாள் கழித்துப் பெயிண்டம்மா வந்தார். சத்தமே இல்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்துவிட்டேன்.

"பொண்ணு வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினேன் சார். கல்யாணம் பண்ணிக் கொடுத்து பதினாலு வருஷத்துல ரெண்டு நாள் சேர்ந்தாப்ல தங்கினதில்ல. எப்பவும் கடை, கடை. அவளை எடை போடலாம்னுதான் போனேன், உங்ககிட்ட என்ன மறைக்கறது? கொடுக்கற ஜாதியா, வெச்சுக்கற ஜாதியான்னு பாக்க."

"பாத்தீங்களா?"

"கூரையில ஒழுகுது சார். பெரிய பேத்தி அடுப்பு மேடையில புத்தகத்தை வெச்சுப் படிக்குது. அம்மா சமைக்கும்போது நகர்ந்துக்குது, முடிஞ்சதும் வந்துக்குது. இவ காலையில வேலைக்குப் போய் சாயங்காலம் வந்தும் உக்கார நேரமில்லாம நிக்கறா. எனக்குன்னு மெத்தையைக் கொடுத்துட்டு தரையில படுத்தா. ஒரு நாள்கூட எங்கிட்ட கஷ்டம்னு சொன்னதில்ல. சொன்னா நான் நாலு கேள்வி கேப்பேன்னு பயம். அந்தக் கடைக்குள்ள உக்காந்துக்கிட்டு ஊர்ல இருக்கிறவன் வீட்டுச் சுவரையெல்லாம் விசாரிச்சேன். இவ வீட்டுச் சுவரை விசாரிக்கல."

சார் மெதுவாக அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். தானே வைத்துக்கொண்டால்?

"அவளே வெச்சுக்கட்டும். அவ என் பொண்ணு." மூக்கை உறிஞ்சினார். "மருமகளை நினைச்சா நெஞ்சு அடைக்குது. அவளுக்கு ஏதாவது செய்வாளா மாட்டாளான்னு தெரியல. செஞ்சா சாமி மாதிரி. செய்யலேன்னாலும் நான் கொடுத்தது கொடுத்ததுதான்."

அன்றே அடித்தேன். கணவர் உயிலின் தேதி, அந்தப் பத்தியின் எண், அதன்படி தனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு நியமிப்பதாக ஒரு வாக்கியம், மகளுக்குக் கட்டடம், மகனுக்கு மனை. ஒரு நிபந்தனை இல்லை, ஒரு வேண்டுகோள் இல்லை. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது.

அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் நான் அவரைக் கவனித்த மாதிரி என் பெண்ணின் பரீட்சை மார்க்கைக்கூடக் கவனித்திருக்க மாட்டேன். மகள் வாராவாரம் வர ஆரம்பித்தாள், பேத்திகளோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிரஷ் வாங்கப் போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் மருமகள் கலர் கலக்கிக்கொண்டிருந்தாள். மகளே பேச்சை எடுத்தாள். "அண்ணி இல்லேன்னா இந்தக் கடை என்ன ஆகும்மா?" பெயிண்டம்மாவின் வாய் திறந்தது. போச்சு, கேட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். "பிரஷ் எந்த சைஸ்மா வேணும் உனக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் முன்னால் வைத்தது எனக்கு வேண்டாத சைஸ். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார். கடைசி மூன்று நாள் மகள் பக்கத்திலேயே இருந்தாளாம். அப்போதும் அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். அது எனக்குப் பின்னால் தெரிந்தது.

காரியங்கள் முடிந்ததும் சார் மகளையும் மகனையும் மருந்துக்கடைக்காரரையும் கூப்பிட்டு உயிலைப் படித்தார். மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகன் எழுந்துவிட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காதீங்க சார். விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். அண்ணிக்குக் கொடுக்கணும்னு அம்மாவுக்குக் கொள்ளை ஆசை. அக்கா பேர்ல எழுதி, அண்ணிக்கு மாத்தச் சொல்லி பேசி வெச்சிருப்பாங்க. அப்படின்னா இது செல்லாது."

சார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் வெடித்தாள்.

"பேசி வெச்சாங்களா? எங்கிட்டயா? எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலடா! என் வீட்டுல நாலு நாள் இருந்தாங்க, ஆஸ்பத்திரியில மூணு நாள் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு எழுதியிருக்காங்கன்னே இப்பத்தான் எனக்குத் தெரியும். என்னை எப்ப மதிச்சாங்க, எங்கிட்ட பேசறதுக்கு?"

அப்படி ஓர் அழுகையை யாராலும் நடிக்க முடியாது. தம்பிக்கும் அது தெரிந்தது. உட்கார்ந்தான். அதற்கப்புறம் செல்லுமா செல்லாதா என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. அடுத்த மாதம் மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கட்டடத்தை மகள் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்.

பிறகு மூன்று மாதம் ஒரு சேதியும் இல்லை. கடை திறந்திருந்தது, மருமகள் உள்ளே இருந்தாள். ஆனால் ஹாஸ்டல் அறையை வேண்டாம் என்று சொன்ன மாதிரி தெரியவில்லை. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஒரு நாள் மகள் ஆபீசுக்கு வந்தாள். சீருடையோடு, வேலைக்கு நடுவில். சாரைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னாள்.

"கீழ்த்தளம் கடையோட அண்ணி பேருக்கு எழுதிடுங்க சார். சுத்தமா, அவங்களுக்கே. மாடி எனக்கு வேணும், என் பிள்ளைங்களுக்கு ஒரு இடம் வேணும். அண்ணி ரூம் அண்ணிக்கே, அவங்க இருக்கிற வரைக்கும். அதையும் எழுதுங்க. என் வீட்டுக்காரர் முறைச்சார். முறைக்கட்டும்."

சார் மறுபேச்சுப் பேசாமல் என்னிடம் அனுப்பினார். தானப் பத்திரம் அடித்தேன். என் விரல் ஒவ்வொரு எழுத்துக்கும் துள்ளியது. அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா? நீங்கதானே சாட்சி. எங்கம்மா ஏன் எங்கிட்ட கேக்கல? அந்த நாலு நாளும் இப்ப கேப்பாங்க, இப்ப கேப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். 'அண்ணியைப் பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா கத்தியிருப்பேன். கத்திட்டு, சரிம்மான்னு சொல்லியிருப்பேன். அந்த அளவுக்குக்கூட என்னை நம்பலையா அவங்க?"

திரும்பி சாரின் அறையைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் சொல்லலாம் என்று தலையை ஆட்டினார். ஒரு வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்ததை அன்றுதான் அவிழ்த்தேன்.

"நீங்க சரிம்மான்னு சொல்லியிருந்தா, எல்லாமே செல்லாம போயிருக்கும்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்த படிவம், சத்தியம் வாங்கும் யோசனை, சாரின் கேள்வி. "நீங்களே வெச்சுக்கிட்டாலும் சம்மதமான்னு கேட்டார். முதல் தடவை சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாங்க. உங்க வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வந்துதான், 'அவளே வெச்சுக்கட்டும், அவ என் பொண்ணு'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் கடைசி வரைக்கும் உங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தாங்க."

"வாயைத் திறக்காம இருந்தாங்களா? எங்கம்மாவா?" என்று சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அன்று நானும் சேர்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப இது அம்மா சொல்லிக் கொடுக்கறது இல்லையா? நானா கொடுக்கறதா?"

"முழுக்க முழுக்க நீங்களா கொடுக்கறதுதான்."

அவள் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எங்க போடணும் கையெழுத்து? இடத்தைக் காட்டுங்கக்கா" என்றாள்.